எலி அறுக்கவா டாக்டருக்குப் படித்தாய்?

கேள்வி: தென் மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வயிறு, குடல் நோய்களில் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது எம்.பி.பி.எஸ். காலத்திலிருந்தே ஆசை. வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. டி.எம். என்ற சிறப்பு மேற்படிப்பை முடித்து, ஸ்கோப் (வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்ப்பது) போடக் கற்றுக்கொண்டு ஊருக்கு வந்தால் கல்விக்கடன் சீக்கிரம் அடைந்துவிடும் என்கிறார் அப்பா. "எலி அறுக்கவா டாக்டருக்குப் படித்தாய்?" என்று கேட்கிறார் அம்மா. எங்கள் கல்லூரியில் பெரிய ஆய்வகம் எதுவும் கிடையாது. வெளிநாடு போகாமல் இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய முடியுமா? அல்சர், காலரா எல்லாவற்றுக்கும் காரணம் கண்டுபிடித்தாகிவிட்டதே, இனி நான் செய்வதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

— பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள டாக்டர்,

உங்கள் அம்மாவின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது நியாயமான கேள்வி. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்தவர்கள், பிள்ளை ஸ்டெதஸ்கோப்போடு நோயாளி பக்கத்தில் நிற்பதைத்தான் கனவு கண்டிருப்பார்கள். என் வீட்டிலும் இதே பேச்சு வந்தது. நான் முதல் சில வருடங்கள் சேகரித்தது கிராமத்துக் குழந்தைகளின் மலம் என்பதால் இன்னும் கொஞ்சம் கடுமையாகவே வந்தது.

அம்மாவுக்குச் சொல்வதற்கு உங்களிடம் ஒரு கதை இருக்கட்டும். எலி இல்லை, முயல். கல்கத்தாவில் சம்பு நாத் டே என்று ஒரு நோய்க்குறியியல் பேராசிரியர் இருந்தார். காலராக் கிருமியை 1884-இல் அதே ஊரில் வைத்துத்தான் ராபர்ட் கோக் பிரித்துக் காட்டினார். கிருமி ஏதோ ஒரு நஞ்சைச் சுரக்கிறது, அதுதான் ஆளைக் கொல்கிறது என்று கோக்குக்கே சந்தேகம் இருந்தது. ஆனால் அப்புறம் எழுபது வருடத்துக்கு மேல் அந்த நஞ்சு யார் கையிலும் சிக்கவில்லை. கிருமியையும் அதன் சாறையும் விலங்குகளின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலரா ரத்தத்தில் நடக்கிற நோய் இல்லை. குடலின் உள்பக்கத்தில் நடப்பது. அங்கேயே வைத்துப் பார்த்தால் என்ன என்று டே யோசித்தார்.

முயலின் சிறுகுடலில் ஒரு சின்னப் பகுதியை இரண்டு பக்கமும் நூலால் கட்டினார். நடுவில் கிருமியை ஊசியால் செலுத்தி வயிற்றைத் தைத்துவிட்டார். மறுநாள் திறந்தால் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்துப் புடைத்துக் கிடந்தது. இது 1953-இல். 1959-இல் கிருமிகளை முழுவதும் வடிகட்டி நீக்கிவிட்டு, வடிநீரை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் புடைத்தது. கோக் சந்தேகித்த நஞ்சு கையில் அகப்பட்டுவிட்டது. 'நேச்சர்' இதழில் வந்த அந்தக் கட்டுரை சில பக்கங்கள்தான். முயல், நூல், ஊசி, வடிகட்டி. உங்கள் கல்லூரியில் இல்லாத பெரிய கருவி எதுவும் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

டே 1973-இல் ஓய்வு பெற்றார், 1985-இல் இறந்தார். நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் இவருடைய பெயரை நோபலுக்குப் பரிந்துரைத்தார். ஆனால் வாழ்நாளில் நம் நாடு இவருக்குப் பெரிதாக எந்த மரியாதையும் செய்யவில்லை. எனக்கு இதில் இன்றுவரை வருத்தம் உண்டு. எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் காலரா பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்தப் பெயரைக் கரும்பலகையில் எழுதாமல் நான் வகுப்பை முடித்ததில்லை.

இதையெல்லாம் அம்மா கேட்டுவிட்டு, "அதனால் யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்பார். கேட்க வேண்டும். அந்த நஞ்சு குடலைத் தின்றுவிடுவதில்லை. குழாயைத் திறந்துவிட்ட மாதிரி உப்பையும் நீரையும் வெளியே கொட்டவைக்கிறது. ஆனால் குடற்சுவரில் சர்க்கரையும் சோடியமும் கைகோத்து உள்ளே போகிற வாசல் ஒன்று இருக்கிறது, அதை அது தொடுவதில்லை என்பது பின்னால் தெரிந்தது. சர்க்கரையையும் உப்பையும் சரியான அளவில் கலந்து வாய்வழியாகக் கொடுத்தால் அந்த வாசல் வழியாக நீரும் உள்ளே போய்விடும். 1971-இல் வங்கதேசப் போரின்போது எல்லையோரத்தில் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. அங்கிருந்த டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கலந்து, டிரம்களில் நிரப்பிக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு 30 பேர் அளவில் செத்துக்கொண்டிருந்த முகாமில், அந்தச் சிகிச்சை பெற்றவர்களிடையே சாவு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. இன்று ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் வழி இதுதான். உங்கள் அம்மாவும் எப்போதாவது உங்களுக்கு அதைக் கரைத்துக் கொடுத்திருப்பார்.

அந்தப் பாக்கெட்டைப் பற்றியே இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என்னை ஆராய்ச்சியில் நிறுத்திவைத்தது அதுதான்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்தில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைப் பற்றிய ஆய்வில் இருந்தேன். நான்கு வருடம் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த மாதிரிகள் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் இருந்தன. ஒரு பொங்கல் விடுமுறையில் மின்சாரம் போயிருக்கிறது, ஜெனரேட்டர் எடுக்கவில்லை, எச்சரிக்கை மணி அடித்ததைக் கேட்க ஆளில்லை. விடுமுறை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது உள்ளே இருந்து வெதுவெதுப்பான நாற்றம் அடித்தது. அட்டைப் பெட்டிகள் ஊறிக் கூழாகியிருந்தன. குழாய்களில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் கழன்று அடித்தட்டுத் தண்ணீரில் மிதந்தன. என் கையெழுத்தில் எழுதிய எண்கள். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துத் துணியில் காயவைத்தேன். எதற்காகக் காயவைத்தேன் என்று அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

மிஞ்சியவை களப்பணியாளர்கள் எழுதிய நோட்டுப் புத்தகங்கள். அவர்களில் ஓர் அக்கா, எட்டாவதுவரை படித்தவர், நாங்கள் கேட்காத ஒன்றையும் ஓரமாக எழுதிவைத்திருந்தார். "பாக்கெட் பாதி டம்ளரில்", "பாக்கெட் முழுசா ஒரு டம்ளரில்", "பாக்கெட் செம்பில்" என்று பக்கத்துக்குப் பக்கம். பாக்கெட்டின் மேல் ஒரு லிட்டரில் கரைக்கவும் என்று அச்சடித்திருக்கும். வீட்டில் லிட்டர் எங்கே இருக்கிறது? டம்ளர் இருக்கிறது, செம்பு இருக்கிறது, குடம் இருக்கிறது. ஒரு லிட்டருக்கான உப்பை ஒரே டம்ளரில் கரைத்தால் குழந்தையின் உடம்பில் சோடியம் ஏறி, வலிப்புவரை போகலாம்.

நாங்கள் மறுபடி அந்த வீடுகளுக்குப் போனோம். இந்தத் தடவை ஐஸ் பெட்டி இல்லை, ஓர் அளவுஜாடி மட்டும். ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைக்குக் கொடுக்கிற டம்ளரை வாங்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அளந்தோம். ஒரே தெருவில் ஒன்று 150 மில்லி, இன்னொன்று 300. எந்தத் தாய் கேட்டாலும் "ஒரு டம்ளர்தான்" என்பார். அப்புறம் அந்தப் பகுதியில் பாக்கெட்டோடு லிட்டர் பாட்டிலையும் காட்டிச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். இந்த ஆய்வால் எனக்குப் பெயரோ புகழோ வரவில்லை. ஆனால் என் வாழ்க்கையில் செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். அந்த அக்காவின் பெயரைக் கட்டுரையில் ஆசிரியர்களில் ஒருவராகச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். நான் இன்னும் அழுத்திச் சண்டை போட்டிருக்க வேண்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். என்ன மிச்சம் இருக்கிறது?

அல்சர் முடிந்த கதை என்று எழுதியிருக்கிறீர்கள். அது எப்படி முடிந்தது என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1979-இல் அழற்சி கண்ட இரைப்பைத் திசுவில் ஒரு மெல்லிய நீலக் கோட்டைப் பார்த்தார். வளைந்த கிருமிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன. இரைப்பை அமிலத்தில் கிருமி வாழாது என்பது அன்றைய பாடம். அதனால் கூட இருந்தவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருடம் கழித்து, பயிற்சியில் இருந்த பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் ஓர் ஆராய்ச்சித் தலைப்புத் தேடி அவரிடம் வந்தார். ஏறக்குறைய இன்று நீங்கள் இருக்கிற நிலைமை. 1982-இல் நூறு நோயாளிகளின் திசுவை எடுத்துக் கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்களின் திசுவில் எதுவும் வளரவில்லை. இரண்டு நாளில் எதுவும் தெரியாவிட்டால் தட்டைத் தூக்கிப் போடுவது ஆய்வகத்தின் வழக்கம். ஈஸ்டர் விடுமுறையில் ஒரு தட்டு ஐந்து நாள் அப்படியே கிடந்தது. அதில் வளர்ந்திருந்தது. அந்தக் கிருமிக்குத் தேவைப்பட்டதெல்லாம் இன்னும் சில நாள் பொறுமை.

சிறுகுடல் தொடக்கத்தில் புண் இருந்த 13 பேரில் 13 பேருக்கும் அந்தக் கிருமி இருந்தது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தன் இரைப்பையில் அழற்சி வருவதைக் காட்டினார். இதை மட்டும் எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் அதைப் பின்பற்ற வேண்டாம், இன்றைக்கு எந்த எத்திக்ஸ் கமிட்டியும் விடாது. எனக்கு அந்தக் கதையில் பெரிதாகப் படுவது, மற்றவர்களும் பார்த்த ஸ்லைடையே வாரன் இரண்டு வருடம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான். 2005-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

இனி நம் ஊருக்கு வாருங்கள். இந்தியாவில் வயது வந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் இரைப்பையில் இந்த ஹெலிகோபாக்டர் பைலோரி இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இல் இதைப் புற்றுநோய்க் காரணி என்று முதல் வகையில் சேர்த்தது. அப்படியானால் ஜப்பானையும் கொரியாவையும் போல இங்கேயும் இரைப்பைப் புற்றுநோய் குவிந்திருக்க வேண்டும். மொத்த இந்தியாவில் அப்படி இல்லை. ஆனால் மிசோரமில் மிக அதிகம். சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டில் ஆண்களிடையே அது நெடுங்காலமாக முன்வரிசையில் இருக்கிறது. கிருமியின் ரகமா, உப்புக் கண்டமும் கருவாடுமா, புகையிலையா, நம் மரபணுவா? ஆளாளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள், முழுசாக எதுவும் பொருந்தவில்லை. உங்கள் வார்டில் படுத்திருப்பவர்களைப் பற்றிய கேள்வி இது. பாஸ்டனில் இருப்பவர் இதற்குப் பதில் சொல்லித் தரமாட்டார்.

இன்னொன்று. வலது அடிவயிற்று வலி, எடை குறைவு, மாலைக் காய்ச்சல் என்று இருபத்தைந்து வயதுப் பையன் வருவான். ஸ்கோப் போட்டால் சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்தில் புண். அது குடல் காசநோயா, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே குடலைப் புண்ணாக்குகிற க்ரோன் நோயா? ஸ்கோப்பில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். பயாப்சியிலும் பல நேரம் தீராது. காசநோய் என்று நினைத்து மாத்திரை ஆரம்பிப்போம், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி உள்ளே பார்ப்போம். ஆறியிருந்தால் காசநோய். ஆறாவிட்டால் அத்தனை மாதமும் போயிற்று, அதற்குள் குடல் சுருங்கிவிடுவதும் உண்டு. மாற்றி யோசித்து ஸ்டீராய்டு கொடுத்து, அது காசநோயாக இருந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மேலை நாட்டு மருத்துவருக்கு இந்தத் தவிப்பு அடிக்கடி வருவதில்லை, அவர் ஊரில் காசநோய் அரிது. நமக்கு வாராவாரம் வருகிறது. முதல் நாளே பிரித்துச் சொல்ல ஒரு நம்பகமான வழி கண்டுபிடிப்பவருக்கு நான் காலில் விழுந்து நன்றி சொல்வேன். எத்தனை பையன்களின் குடலை வெட்டி எடுக்கக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும்.

எல்லாக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் கிராணி, அதாவது ட்ராபிகல் ஸ்ப்ரூ, கொள்ளைநோயாகவே வந்தது. மாதக்கணக்கில் கழிச்சல், சாப்பிட்டது ஒட்டாமல் ஆள் எலும்பும் தோலுமாகிப் போவது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கர், வி.ஐ. மாத்தன் முதலியவர்கள் பல வருடம் அதன் பின்னாலேயே அலைந்தார்கள். நோயின் காரணம் கடைசிவரை உறுதியாகப் பிடிபடவில்லை. நோயே குறைந்துபோய்விட்டது. அப்படியென்றால் அந்த உழைப்பு வீணா? அந்த வேலையில்தான், நோயே இல்லாத நம் கிராமத்து மனிதர்களின் குடல்விரல்களும் (சிறுகுடலின் உள்சுவரில் விரல் போல நீட்டிக்கொண்டிருப்பவை) புத்தகத்தில் போட்டிருக்கிற மேலைநாட்டுப் படத்தைப் போல நீண்டு மெலிந்து இருப்பதில்லை, அகன்று இலை போல இருக்கின்றன என்று தெரிந்தது. அப்புறம் நம் குழந்தைகளுக்கு வாய்வழித் தடுப்பு மருந்துகள் ஏன் குறைவாகப் பிடிக்கின்றன என்று கேட்டவர்களுக்கு அந்த அறிவு கைகொடுத்தது. அதே கல்லூரியின் குடல்நோய் அறிவியல் துறையில் வேலை செய்த ககன்தீப் காங், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டாவைரஸ் பற்றிய ஆய்வில் பெயர் பெற்று, 2019-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அந்தச் சிறப்பைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். டெல்லியில் கண்டெடுத்த வைரஸ் ரகத்திலிருந்து வந்த நம் நாட்டு ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்தை 6,799 குழந்தைகளிடம் சோதித்தபோது, டெல்லி, புனேயோடு வேலூரும் ஒரு களம்.

தோற்ற கதை ஒன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் கீழாநெல்லியை எடுத்துக்கொண்டார்கள். ஹெபடைடிஸ் பி வைரஸை உடம்பில் சுமப்பவர்களுக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்ததில் 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்திலிருந்து வைரஸின் அடையாளம் மறைந்தது. போலி மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டும். 1988-இல் 'லான்செட்' இதழில் வந்தது. அந்த வைரஸைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய பாருக் பிளம்பர்க் அதன் ஆசிரியர்களில் ஒருவர். அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. காமாலைக்கு எங்கள் ஆச்சி அரைத்து மோரில் கொடுத்த செடி! ஆனால் மற்ற இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை, பல தடவை.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. சின்ன எண்ணிக்கையில் செய்கிற ஆய்வு இப்படிக் காட்டும், பெரிய எண்ணிக்கையில் போனால் கரைந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஊரில் வருகிற காமாலையில் பெரும்பகுதி ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ, சில வாரத்தில் தானே ஆறிவிடும். ஆறுகிற நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதுதான் ஆற்றியது போலத் தெரியும். கீழாநெல்லிக்கும் இது பொருந்தும், நான் எழுதிக் கொடுக்கிற கல்லீரல் டானிக்குக்கும் இது பொருந்தும். நமக்குப் பிடித்த பதில் வரும்போதுதான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். இந்தப் பயிற்சி இல்லாமல் ஆராய்ச்சிக்கு வராதீர்கள்.

வெளிநாடு போக வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் இல்லை. ஒரு நுட்பத்தைக் கற்றுக்கொள்ள ஓரிரு வருடம் போய்வருவது நல்லது. டேயும் லண்டனில் பிஎச்.டி. முடித்துத் திரும்பியவர்தான். ஆனால் கேள்வியை இங்கிருந்து கொண்டுபோங்கள். கேள்வி இல்லாமல் போகிறவர்கள் அங்குள்ள பேராசிரியரின் கேள்விக்கு வேலை பார்த்துவிட்டு, திரும்பி வந்ததும் அதே எந்திரத்தை இங்கே தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். தனியார் மருத்துவமனையில் நாள் முழுவதும் ஸ்கோப் போடுகிறவரின் வருமானம் ஆராய்ச்சியில் வராது. கிட்டத்திலும் வராது. வசதியாகச் சாப்பிடலாம், பிள்ளைகளைப் படிக்கவைக்கலாம், கடனைக் கொஞ்சம் மெதுவாக அடைக்கலாம். அதற்கு மேல் எதிர்பார்த்து வந்தால் பத்தாவது வருடத்தில் மனம் கசந்துபோகும், பார்த்திருக்கிறேன். அதனால் அப்பா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். நீட் எஸ்.எஸ். நுழைவுத் தேர்வு எழுதி டி.எம். சேருங்கள். மூன்று வருடத்தில் ஸ்கோப்பைக் கை பழக நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். குடலின் உள்ளே தன் கண்ணால் பார்த்து, எந்த இடத்தில் கிள்ளி எடுப்பது என்று தானே முடிவு செய்கிற ஆராய்ச்சியாளருக்கும், ஆய்வகத்தில் உட்கார்ந்து பாட்டிலில் வருவதை வாங்குகிறவருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. டி.எம்-முக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது கேஸ் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், அந்தத் துறையில் ஆய்வு நடக்கிறதா என்று பாருங்கள். வேலூர், சண்டிகர் பி.ஜி.ஐ., லக்னோ சஞ்சய் காந்தி, டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் வார்டும் ஆய்வும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. முடித்த பிறகு நோயாளி பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்ய இந்தியா அலையன்ஸ் போன்ற அமைப்புகளின் மருத்துவர்களுக்கான ஃபெலோஷிப்புகள் இருக்கின்றன. சம்பளமும் தந்து, ஆய்வுச் செலவும் தருவார்கள். போட்டி கடுமை. முதல் தடவையே கிடைக்காவிட்டால் துவண்டுவிட வேண்டாம்.

பி.ஜி. மாணவர்கள் கட்டாயம் முடிக்க வேண்டிய ஆராய்ச்சி முறையியல் ஆன்லைன் பாடம் உங்களுக்கும் இருக்கும். அதைத் தயாரித்தது சென்னையில் இருக்கிற ஐ.சி.எம்.ஆர். தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம். பெரும்பாலானவர்கள் வீடியோவை ஓடவிட்டுத் தூங்கிவிட்டுச் சான்றிதழ் வாங்குகிறார்கள். நீங்கள் நோட்டு வைத்துக்கொண்டு கேளுங்கள். எத்தனை பேரை ஆய்வில் சேர்க்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற பாடத்தை இரண்டு தடவை கேளுங்கள்.

ஆய்வகம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கல்லூரியில் ஸ்கோப் அறை இருக்கிறது, இல்லையா? அடுத்த முறை அங்கே போய் ஒரு மணி நேரம் நில்லுங்கள். ஃபோர்செப்ஸின் வாயில் ரவை அளவுக்கு ஒரு திசுத் துணுக்கு வரும். சிஸ்டர் அதை ஊசி முனையால் நெம்பி, மஞ்சள் நிற ஜெல் இருக்கும் குழிக்குள் அழுத்துவார். ஹெலிகோபாக்டர் கிருமி இருந்தால் அது ஜெல்லில் இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும், துணுக்கைச் சுற்றி மஞ்சள் மெல்ல ரோஜா நிறமாகும். சில நேரம் நாம் கையுறை கழற்றுவதற்குள் ஆகிவிடும், சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். மாறவில்லையென்றால் "நெகட்டிவ்" என்று எழுதி அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

அந்த நெகட்டிவ்களில் எத்தனை உண்மையான நெகட்டிவ்? நம் ஊரில் வயிறு எரிகிறது என்றாலே மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் "கேஸ் மாத்திரை" வாங்கி, வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பான்டப்ரசோல் அல்லது ஒமெப்ரசோல். இவை கிருமியை அடக்கி வைக்கும், சோதனையைப் பொய்யாக்கும். சோதனைக்கு இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும் என்பது விதி. உங்கள் ஸ்கோப் அறைக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் நிறுத்திவிட்டு வருகிறார்கள்? நிறுத்தச் சொல்லி யாராவது சொல்கிறார்களா? அந்த மாத்திரையின் பெயர் கேஸ் ஷீட்டில் எங்கேயாவது ஏறுகிறதா? "மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் இல்லை என்பார்கள், ஏனென்றால் அவர்களைப் பொறுத்தவரை அது மாத்திரையே இல்லை. "கேஸுக்கு ஏதாவது போடுவீங்களா?" என்று கேளுங்கள். சட்டைப் பையிலிருந்து பாதி தீர்ந்த அட்டையை எடுத்துக் காட்டுவார்கள்.

இதற்கு ஃப்ரீசர் வேண்டாம். உங்கள் கைடிடம் பேசி, எத்திக்ஸ் கமிட்டியில் விண்ணப்பம் கொடுத்து அனுமதி வாங்குங்கள். ஒரு நீளமான நோட்டு வாங்குங்கள். தேதி, வயது, கடைசியாகக் கேஸ் மாத்திரை போட்டது எப்போது, அதன் பெயர், ஜெல் நிறம் மாறியதா, மாற எத்தனை நிமிடம் ஆனது, ஸ்கோப்பில் என்ன தெரிந்தது. கடைசியில் ஒரு பத்தியைக் காலியாக விடுங்கள், சிஸ்டரோ வார்டு ஆயாவோ கவனித்துச் சொல்வதை அதில் எழுதலாம். நூறு பேர் சேர்ந்ததும் எனக்கு எழுதுங்கள். கணக்கை இருவருமாக உட்கார்ந்து போடுவோம்.